தெல்தெனிய: தோட்ட மக்களும் அனர்த்தத் தொண்டும்

இலங்கையின் கண்டி மாவட்டத்தில் மெததும்பர பிரதேசத்தைச் சேர்ந்த ஊர் தெல்தெனிய. பழைய நகரம் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. இப்போதிருப்பது இடம்மாற்றி அமைக்கப்பட்ட ஊர். அதற்கு மேலே, நக்கிள்ஸ் அடிவாரத்தின் ரங்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர்.

மண்சரிவு நேர்ந்தால் முதலில் மண்வெட்டியோடு ஓடுவது அடுத்த லயனில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருப்பவர்தான். ஆனால் அனர்த்தத் தொண்டர் பட்டியலில் அவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அனர்த்த முகாமைத்துவக் கட்டமைப்பு கிராம அலுவலர் பிரிவு வரை இறங்குகிறது. தோட்டங்களோ நெடுங்காலம் பிரதேச சபைச் சேவைகளுக்கு வெளியே கிடந்தன. 2018ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத் திருத்தமே அதை மாற்றியது.

இந்த இடைவெளியின் விலை 2014 அக்டோபர் 29 அன்று தெரிந்தது. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்த தோட்டத்து லயன்கள் மண்சரிவில் புதைந்தன. எச்சரிக்கை முன்பே வந்திருந்தும் மீள்குடியேற்றம் நடக்கவில்லை.

தொண்டருக்குப் பெரிய கருவி வேண்டாம். மழைமானியில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். நிலவெடிப்பு, சாயும் மரம், திடீர் ஊற்று, கலங்கிய ஓடை ஆகிய மண்சரிவு அறிகுறிகளை முதலில் காணக்கூடியவர்கள் தோட்டத்தாரே. பயிற்சியும் அறிவிப்பும் தமிழில் கிடைத்தால் போதும்.

அனர்த்த அவசர அழைப்பு 117. அம்புலன்ஸ் சேவைக்கு 1990.