பட்டாளத்தில் நோய் வந்தவருக்கு பென்சன் மறுப்பா? அப்பீலில் ஜெயித்தது யார், தோற்றது யார்? முழு விவரம்

ராயகிரி,

பட்டாளத்துக்குப் போகும்போது கல்லு மாதிரி போன ஆள். சில வருடம் கழித்து வலிப்பு நோயோ, முதுகு வலியோ, சர்க்கரையோ வந்து டிரங்க் பெட்டியோடு ஊர் திரும்புகிறார். பின்னாலேயே ஒரு கடிதமும் வருகிறது. உங்கள் நோய்க்கும் ராணுவப் பணிக்கும் சம்பந்தம் இல்லை, ஊனமுற்றோர் பென்சன் கிடையாது என்று அதில் இருக்கிறது.

அதைப் படித்ததும், "சர்க்காரே சொல்லிட்டாங்க, இனி என்ன செய்ய?" என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஆனால் இப்படி மறுக்கப்பட்ட பலருக்கு கோர்ட்டில் பென்சன் கிடைத்திருக்கிறது. கிடைக்காமல் போனவர்களும் உண்டு. ராயகிரி, சிவகிரி வட்டாரத்தில் உள்ள முன்னாள் ராணுவத்தினருக்காக இந்த விவரங்களைத் தருகிறோம்.

19 வருடம் கழித்து வெற்றி

இந்த விஷயத்தில் முக்கியமானது தரம்வீர் சிங் வழக்கு. 1985-ல் ராணுவ சிக்னல் பிரிவில் சேர்ந்த அவரை, வலிப்பு நோய் காரணமாக 1994-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊனம் 20 சதவீதம் என்று மெடிக்கல் போர்டு எழுதியது. ஆனால் நோய்க்கு ராணுவப் பணி காரணம் இல்லை என்று சொல்லி பென்சனை மறுத்தார்கள்.

சுப்ரீம் கோர்ட்டு 2013 ஜூலை 2-ந் தேதி அவருக்கு சாதகமாக தீர்ப்பு சொன்னது. வேலையில் சேரும்போது டாக்டர் சோதனை செய்துதான் எடுக்கிறார்கள். அப்போது நோய் இருப்பதாக எழுதவில்லை என்றால், அவர் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றே அர்த்தம். பிறகு வந்த நோய் பணியால் வந்ததாகத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்பதை மெடிக்கல் போர்டுதான் காரணத்தோடு எழுத வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு வீரர் தலையில் இல்லை. இதுதான் தீர்ப்பின் சாரம்.

2014-ல் இன்னொரு வழக்கில், உடம்பு சரியில்லை என்று ராணுவமே ஒருவரை வெளியே அனுப்பினால் அவரது ஊனத்தை 20 சதவீதத்துக்கு மேல் என்றே கருத வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

சியாச்சின் பனிமலையில் பணி செய்து, வலிப்பு நோயால் 1989-ல் அனுப்பப்பட்ட ஒரு வீரருக்கு 2025 ஏப்ரலில்தான் சுப்ரீம் கோர்ட்டில் நியாயம் கிடைத்தது. சர்க்கரை நோய் என்றால் 'வாழ்க்கை முறையால் வருவது' என்று ஒரு வரி எழுதித் தள்ளிவிட முடியாது என்று டெல்லி ஐகோர்ட்டு 2025 மார்ச்சில் சொன்னது.

தோற்றவர்கள் ஏன் தோற்றார்கள்?

எல்லோரும் ஜெயிப்பதில்லை. லீவில் சகோதரி வீட்டுக்குப் போன ஒரு வீரர் மாடிப்படியில் விழுந்து காயம் அடைந்தார். அந்தக் காயத்துக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பு இல்லை என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு கைவிரித்துவிட்டது. லீவில் நடந்த சாலை விபத்து வழக்குகளிலும் இதே கதிதான். மனநோய் காரணமாக அனுப்பப்பட்ட ஒருவரின் அப்பீல் 2019-ல் தள்ளுபடி ஆனது. மெடிக்கல் போர்டு காரணத்தோடு எழுதியிருந்தால் அதை உடைப்பது கஷ்டம்.

எவ்வளவு பணம்?

100 சதவீத ஊனம் என்றால் கடைசி சம்பளத்தில் 30 சதவீதம் ஊனத் தொகையாக கிடைக்கும். உதாரணமாக கடைசி சம்பளம் 30 ஆயிரம் ரூபாய் என்றால் 100 சதவீதத்துக்கு 9 ஆயிரம் ரூபாய். 20 சதவீத ஊனத்துக்கு 1,800 ரூபாய்.

இதில் ஒரு சலுகை உண்டு. 50-க்கு கீழே இருந்தால் 50 சதவீதமாகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தால் 1,800 ரூபாய் 4,500 ரூபாய் ஆகிவிடும். சர்வீஸ் முடித்து ரிட்டயர்டு ஆனவருக்கும் இந்தச் சலுகை உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துள்ளன. அதன் பிறகு சர்வீசை விட்டு வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

வைத்தியத்துக்கும் இதுதான் சாவி

சிப்பாய்க்கு சாதாரண பென்சன் வேண்டும் என்றால் 15 வருட சர்வீஸ் வேண்டும். அதற்கு முன்பே நோயால் வந்தவருக்கு அது கிடையாது. பென்சன் இல்லாவிட்டால், 2003-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்திலும் (இ.சி.எச்.எஸ்.) பொதுவாக சேர முடியாது. ஊனமுற்றோர் பென்சன் கிடைத்துவிட்டால் உரிய சந்தா கட்டி அவரும் மனைவி, மக்களும் அதில் சேரலாம். மாத்திரைக்கு மாதாமாதம் கடன் வாங்கும் வீட்டுக்கு பென்சனைவிட இது பெரிய விஷயம்.

எங்கே போகணும்?

* மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் அப்பீல். அதுவும் தள்ளுபடி ஆனால் 6 மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல். இரண்டையும் ராணுவக் கமிட்டிகளே விசாரிக்கும்.

* அடுத்தது ஆயுதப்படை தீர்ப்பாயம். 2007-ம் ஆண்டு சட்டப்படி அமைந்த இது 2009-ல் செயல்படத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு சென்னை கிளை. கடைசி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். தாமதம் ஆனால் தகுந்த காரணம் சொல்லி மன்னிப்பு கேட்கலாம்.

* அப்பீலுக்கு 6 மாதம் ஆகியும் பதிலே இல்லை என்றாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

* தீர்ப்பாயத்தில் தோற்றால் ஐகோர்ட்டுக்குப் போகலாம் என்பதை 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

பொதிகை எக்ஸ்பிரசில் ராத்திரி ஏறும் முன்பு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் யோசனை கேட்பது நல்லது. படைவீரர் குடும்பங்களுக்கு இலவச சட்ட உதவி தரும் திட்டம் 2025 ஜூலையில் தொடங்கப்பட்டுள்ளது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரிக்கலாம்.

தாமதித்தால் நஷ்டம்

1983-ல் அனுப்பப்பட்ட ஒரு வீரர் 1999-ல்தான் கோர்ட்டுக்குப் போனார். பென்சன் கிடைத்தது. ஆனால் பாக்கித் தொகை, வழக்கு போட்டதற்கு முந்தைய 3 வருடத்துக்கு மட்டும்தான் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. சுமார் 13 வருடப் பணம் போச்சு.

டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு நகல், ஆஸ்பத்திரி சீட்டுகள், மறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். போர்டு நகல் கையில் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்கலாம். அதில் காரணம் எழுதியிருக்கிறதா, வெறுமனே 'சம்பந்தம் இல்லை' என்று மட்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வழக்கு நிற்குமா, நிற்காதா என்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.