துலாவில் ஏறிய எடை: கள்ளக்குறிச்சிப் பகுதியில் நீர் இறைப்பும் வேலைக் கணக்கும்

நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஒரு பொருளைத் தூக்கத் தேவையான வேலை கிடைக்கும். பள்ளிப் பாடம்தான். ஆனால் இந்தச் சூத்திரம் தூக்கப்பட்ட பொருளை மட்டுமே பார்க்கிறது. தூக்கியவரின் உடல் அதில் வருவதில்லை. 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, முன்பு தென்னாற்காட்டின் பகுதி. கிணற்றை நம்பிய மண். இங்கே நீர் இறைக்கும் கருவிகள் மாறிய வரலாறு, பெரும்பாலும் அந்த உடல் எடையை என்ன செய்வது என்ற கேள்வியின் வரலாறு என்பதே என் வாதம்.

மலையிலிருந்து தொடங்கலாம். கல்வராயன் மலைக்கு 60 கிலோ எடையுள்ள ஒருவர் 30 கிலோ மூட்டையோடு 600 மீட்டர் ஏறுகிறார் என்று கொள்வோம். மொத்த வேலை ஏறத்தாழ 5.3 லட்சம் ஜூல். மூட்டைக்குச் சேர்ந்தது அதில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி, அவர் தன்னைத் தானே தூக்கிக்கொண்ட கணக்கு. (மூட்டையோடு இறங்கும்போது சூத்திரப்படி ஈர்ப்புவிசைதான் வேலை செய்கிறது. முழங்கால் இதை ஒப்புக்கொள்ளாது.)

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் இயற்பியலாளர் கூலோம் இதே கணக்கைப் போட்டார். விறகு சுமந்து மாடி ஏறுபவர்களையும் வெறுங்கையோடு மலை ஏறியவர்களையும் ஒப்பிட்டு, சுமையில்லாமல் ஏறுபவரே ஒரு நாளில் அதிக வேலை செய்கிறார் என்று கண்டார். அப்படியானால், மனிதனை வெறுமனே ஏறவிட்டு, அவன் இறங்கும் எடையால் சுமையைத் தூக்கினால் என்ன?

அதைத்தான் நம் ஏற்றம் செய்தது. துலா என்ற நீண்ட மரத்தின் கிணற்றுப் பக்க முனை தாழ்ந்து, நீர் மொள்ளும் சால் முங்கும்போது பின்முனை உயர்ந்திருக்கும். மிதிப்பவர் அந்த உயர்ந்த முனையை நோக்கி நடப்பார். அவர் எடையில் அது தாழும், சால் மேலே வரும். சாலோடு இணைந்த கோலைப் பிடித்தவர் அதைச் சாய்த்ததும், மிதிப்பவர் திரும்பி மறுமுனையை நோக்கி ஏறுவார். எப்போதும் ஏறுவது அவர். கீழே இறக்கிவிடுவது மரம். 20 லிட்டர் சாலை 4 மீட்டர் தூக்க 784 ஜூல் வேண்டும். உராய்வை விட்டுவிட்டால், 60 கிலோ ஆள் 1.33 மீட்டர் இறங்கினால் அது சரியாகிவிடும். உயரமும் சாலும் மாறாதபோது, மொத்த வேலையை அறிய எண்ணிக்கை ஒன்றே போதும். ஏற்றப்பாட்டில் சால்களை எண்ணிப் பாடியதை அந்தக் கணக்கேடாகவே நான் படிக்கிறேன்.

கவலை என்ற இறைப்பு முறையில் மனிதனின் இடத்துக்கு மாடுகள் வந்தன. ஓடுபாதை சரிவாக வெட்டப்பட்டிருக்கும்; மாடுகள் அதில் இறங்கும்போது அவற்றின் எடையும் வடத்தை இழுக்கும். ஓட்டுபவரும் சும்மா நடக்கமாட்டார், வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். ஆனால் திரும்பும்போது அந்தக் கனத்த உடல்கள் சரிவில் பின்னோக்கி ஏறியாக வேண்டும். நீரின் கணக்கில் வராத வேலை அது. தீவனத்தின் கணக்கில் வந்துவிடும்.

இத்தகைய வேலையை அளக்கும் முறை மேற்கில் உருவானது. வாட் குதிரைத்திறனை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வரையறுத்தது 18ஆம் நூற்றாண்டில். ‘வேலை’ என்ற சொல்லுக்கு இயற்பியலில் இன்றைய பொருளைக் கொரியோலி நிலைநிறுத்தியது 1829இல். சென்னை மாகாணத்தில் இந்த அளவிடும் முறையைக் கிணற்றுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர், பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் எஞ்சின் பம்புகளைப் பரப்ப முயன்றார். பைக்காரா (1932), மேட்டூர் (1937) நீர்மின் நிலையங்களுக்குப் பிறகு மின்மோட்டார் மெல்ல ஊர்களுக்கு வந்தது. மோட்டார் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. தன்னைத் தூக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கோமுகி அணையின் வாய்க்கால் பாயும் வயல்களுக்கு நீரைத் தூக்கும் தொல்லையே இல்லை. கடல்நீரைக் கல்வராயன் உச்சிவரை தூக்கியது வெயில். அது இறங்கிவரும் வழியில் நாம் மடை திறக்கிறோம். மற்றவர்களுக்குக் கிணறுதான், பிறகு ஆழ்துளைக் கிணறு. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் இழப்பே இல்லாமல் ஓடினாலும், 10 மீட்டரிலிருந்து நொடிக்கு 38 லிட்டர் தூக்கும். 60 மீட்டரிலிருந்து 6 லிட்டர்தான். 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் என்பதால், பெரும்பாலான பம்புசெட்டுகளில் மீட்டர் கிடையாது. நீர்மட்டம் எத்தனை மீட்டர் இறங்கியது என்பது, கூடுதல் குழாய் இறக்கும் அன்றுதான் வயல்காரருக்குத் தெரிகிறது.