ஒரே மொழி, வேறு வாழ்வு: ஃபோல் றிவர் நகரில் லங்காஷயர்த் தொழிலாளர் (1870–1905)

நமது நாட்டு வரலாற்று நூல்களில் ஆங்கிலேயன் தேசாதிபதியாகவும் நீதிபதியாகவும் தோட்டத்துரையாகவுமே வருகின்றான். கூலிக்கு உழைத்தவனாக, வேலை தேடிக் கடல் கடந்தவனாக, அந்நிய நகரொன்றில் வேலை மறுக்கப்பட்டவனாக அவன் நமக்கு அறிமுகமாவது அரிது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரித்தானியாவை விட்டுப் புறப்பட்டோருட் பெருந்தொகையினர் பேரரசை ஆளச் சென்றவரல்லர். ஐக்கிய அமெரிக்காவிற்குப் பிழைப்புத் தேடிச் சென்ற சாதாரண மக்களே.

இம்மக்களைப் பற்றி 1972இல் நூலெழுதிய சாளற் எரிக்சன், அவர்களைப் ‘புலப்படாத குடியேறிகள்’ எனத் தலைப்பிலேயே சுட்டினார். மொழியும் நிறமும், பெரும்பாலும் மதமும், பழைய அமெரிக்கரோடு ஒத்திருந்தமையால் அவர்களைத் தெருவில் வேறுபடுத்திக் காண்பது எளிதன்று என்பது இதன் கருத்து. தெருவிற் புலப்படாதவர்கள் ஆலையின் உள்ளேயும் புலப்படாதிருந்தனரா? மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஃபோல் றிவர் நகரில் அவர்கள் நடத்திய அன்றாட வாழ்வை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புறப்பாடும் வருகையும்

லங்காஷயரின் பருத்தி ஆலைகள் அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் விளைவித்த பஞ்சையே நம்பியிருந்தன. 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் பஞ்சு வரத்துக் குன்றியது, ஆலைகள் மூடப்பட்டன, ‘பருத்திப் பஞ்சம்’ எனப்படும் கொடுங்காலம் 1865 வரை நீடித்தது. அப்பஞ்சத்தின் நடுவிலும், 1862 டிசம்பர் 31இல் மான்செஸ்ரரிற் கூடிய தொழிலாளர், அடிமை முறையை எதிர்த்து லிங்கனுக்கு ஆதரவு தெரிவித்தனர். அடுத்த மாதம் லிங்கன் அதற்கு நன்றி கூறிப் பதில் எழுதினார். எனவே லங்காஷயர்த் தொழிலாளரின் மனத்தில் அமெரிக்கா வெறும் கூலி கிடைக்கும் இடமாக மட்டும் இருக்கவில்லை; மன்னரும் பிரபுக்களும் இல்லாத குடியரசாகவும் அது விளங்கியது.

போரின் பின்னர் ஃபோல் றிவர் அபரிமிதமாக வளர்ந்தது. குவெகுவெச்சன் ஆறு குறுகிய தூரத்திற்குள் சரிந்து இறங்கும் அவ்விடத்தில், உள்ளூர்க் கருங்கல்லாற் கட்டப்பட்ட ஆலைகள் வரிசையாக எழுந்தன. அச்சிடுவதற்கான மலிவான வெண்துணியே அவற்றின் பிரதான உற்பத்தி. 1871, 1872 ஆகிய இரு ஆண்டுகளிற் புதிய கம்பனிகள் பல தோன்றின. 1870இல் 26,766 ஆக இருந்த குடித்தொகை 1880இல் 48,961 ஆகவும் 1900இல் 104,863 ஆகவும் உயர்ந்தது. இவ்வளர்ச்சிக்கு வேண்டிய பயிற்சி பெற்ற கைகள் லங்காஷயரிலிருந்தே பெருமளவில் வந்தன. அவ்வாறு வந்தோருள் அயர்லாந்தில் வேர்கொண்டு இங்கிலாந்து ஆலைகளில் வளர்ந்தவர்களும் கணிசமானோர். ஆலைகளின் உடைமையோ போடன், டர்ஃபீ முதலிய சில பழைய குடும்பங்களின் கையிற் குவிந்திருந்தது.

2. பழகிய வேலை, பழகாத விதி

வந்திறங்கிய தொழிலாளிக்கு இயந்திரம் புதிதன்று. ‘மியூல்’ எனப்படும் நூற்பு இயந்திரம் பொல்ற்றனைச் சேர்ந்த சாமுவேல் குறொம்ரனால் 1779இல் ஆக்கப்பட்டது. அவனது தந்தையும் அதனையே இயக்கியிருத்தல் கூடும். தறியும் அவனறிந்த தறியே. ஆயின் இயந்திரத்தைச் சூழ்ந்திருந்த விதிகள் வேறாக இருந்தன. லங்காஷயரில் நான்கு தறிகளைக் கவனித்த நெசவாளர் இங்கு ஆறு முதல் எட்டுத் தறிகளைக் கவனிக்க வேண்டியவரானார். அங்கே முதலாளிகளும் சங்கங்களும் ஒப்புக்கொண்ட கூலிப்பட்டியல்கள் இருந்தன. 1853ஆம் ஆண்டின் பிளாக்பேண் பட்டியல் அவற்றுட் பிரசித்தமானது. இங்கே கூலி என்பது துணியின் சந்தை விலையைப் பார்த்து முதலாளிமார் ஒருதலையாக அறிவிப்பது.

வேலை நேரத்தின் நிலையும் இதுவே. இங்கிலாந்தில் பெண்களுக்கும் இளைஞருக்கும் பத்துமணி வேலைநாள் 1847ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கிடைத்தது. மசச்சூசெற்ஸில் அதையொத்த சட்டம் 1874இலேயே நிறைவேறியது. வாரத்திற்கு 60 மணி என்று அது விதித்த அதே ஆண்டில், இங்கிலாந்துப் பாராளுமன்றம் பருத்தி ஆலைகளின் வாரத்தை 56½ மணியாகக் குறைத்தது. மேலும், முதலாளி ‘வேண்டுமென்றே’ மீறினார் என்று நிரூபிக்க வேண்டும் என்ற வாசகம் 1879இல் நீக்கப்படும்வரை மசச்சூசெற்ஸ் சட்டம் பெரிதும் ஏட்டளவிலேயே நின்றது. கடலைக் கடந்து மேற்கே வந்தவர்கள், தொழிற்சட்டத்தைப் பொறுத்தவரை கால் நூற்றாண்டு பின்னோக்கிச் சென்றவராயினர்.

இதன் விளைவு எண்களில் மட்டும் தங்கவில்லை. 1874 செப்ரெம்பர் 19 காலையில் கிறனைற் ஆலையொன்றின் நான்காம் மாடியில், மியூல் அறையில், தீப்பற்றியது. மேல்மாடியில் வேலை செய்த பெண்களும் சிறுவருமே பெரும்பாலும் அதற்கு இரையாயினர். இறந்தோர் இருபதுக்கு மேற்பட்டோர். ஆலைக்குட் சிறுவர் நிற்பதும், மாடியிலிருந்து தப்பும் வழி போதாதிருப்பதும் அதன்பின் வெறும் வாதப்பொருள்களாக இருக்கவில்லை.

3. வீடும் விளையாட்டும்

வீட்டுவாழ்வில் அவர்கள் பழையதைப் பேணவே முயன்றனர். செங்கல்லாலும் கல்லாலும் ஆன லங்காஷயரின் தொடர்வீடுகளுக்குப் பதிலாக ஆலையருகே மரத்தாலான மாடிக்குடியிருப்புகள். பல ஆலைக்கே சொந்தமானவை. வேலை போனால் வீடும் போகும் என்பது அத்தகைய வீட்டின் எழுதாத நிபந்தனை. ஆயினும் நோய்க்கும் சாவிற்கும் உதவும் நட்புறவுச் சங்கங்கள் அவர்களோடு கடல் கடந்தன. உதைபந்தாட்டமும் கடல் கடந்தது. அமெரிக்க உதைபந்தாட்டச் சங்கத்தின் கிண்ணத்தை 1888 முதல் 1892 வரை ஐந்தாண்டுகளும் ஃபோல் றிவர் அணிகளே வென்றன. அமெரிக்கர் பேஸ்போலைத் தேசிய விளையாட்டாகக் கொண்டாடிய காலத்தில் இந்நகரின் ஆலைத்தெருக்கள் வேறொரு பந்தைத் துரத்திக்கொண்டிருந்தன.

குடியுரிமை பற்றிய தயக்கமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கப் பிரசையாக விரும்புவோர் ஐந்தாண்டு வசித்திருத்தல் வேண்டும். தாம் அதுவரை கீழ்ப்படிந்த அரசியின் மீதான விசுவாசத்தைச் சத்தியஞ்செய்து துறத்தலும் வேண்டும். திரும்பிச் செல்லும் எண்ணத்தை முற்றாகக் கைவிடாத பலருக்கு இது எளிதான செயலன்று. தேர்தலில் வாக்கற்றோருக்குக் குறைகூறும் இடமாக எஞ்சியது ஆலை ஒன்றே.

4. பாணும் கழியும்

1875ஆம் ஆண்டு இந்நகர வரலாற்றில் ஒரு திருப்புமுனை. மந்தநிலையைக் காட்டி முதலாளிமார் கூலியைப் பத்து வீதம் குறைத்தனர். ஆண் நெசவாளர் அதை ஏற்கத் தலைப்பட்டபோது, பெண் நெசவாளர் தனியே கூட்டம் நடத்தி வேலைநிறுத்தத்திற்குத் தீர்மானித்தனர், ஆண்கள் பின்தொடர்ந்தனர். அப்போராட்டம் வென்றது. ஆனால் ஓகஸ்ற் மாதம் மீண்டும் பத்து வீதக் குறைப்பு அறிவிக்கப்பட்டது. இம்முறை தொழிலாளர் அதனை வேலைநிறுத்தம் என்று அழைக்கவில்லை. ஒரு மாத ‘விடுமுறை’ என்றனர். சந்தையில் துணி தேங்கியிருக்கிறதென்றால், கூலியைக் குறைப்பதைவிட உற்பத்தியைக் குறைப்பதே பரிகாரம் என்பது லங்காஷயர்ச் சங்கங்களின் நெடுநாள் வாதம். அதையே அவர்கள் இங்கும் செயலிற் காட்டினர்.

முதலாளிமார் கதவடைப்பால் மறுமொழி கூறினர். சங்கத்தில் இல்லை, இனிச் சேர்வதுமில்லை என ஒப்பமிட்டவருக்கே வேலை என்றனர். செப்ரெம்பர் 27இல் பசித்த கூட்டம் நகரமண்டபத்திற்கு ஊர்வலமாகச் சென்றது. கழிகளின் முனையிற் பாண் குத்தப்பட்டிருந்தது. அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு இது விளங்காத, அச்சந்தரும் காட்சி. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஏழைகளின் உணவுக் கிளர்ச்சிகளைப் பற்றி ஈ. பி. தொம்சன் 1971இல் எழுதிய ஆய்வைப் படித்தோர் இச்சின்னத்தை உடனே அடையாளங்காண்பர். மக்கள் பசியாற உணவளித்தல் ஆள்வோரின் கடமை என்ற பழைய நியாயத்தையே அக்கழிகள் நகரபிதாவின் முன் நிறுத்தின. படையினர் வரவழைக்கப்பட்டனர், போராட்டம் தோற்றது, முன்னின்றோர் கறுப்புப் பட்டியலில் இடப்பட்டனர். தெருவிற் புலப்படாத குடியேறிகள் அன்று முழு நகரத்திற்கும் புலப்பட்டனர்.

5. சங்கத்தின் வலிமையும் எல்லையும்

தோல்வியின் பின்னும் சங்கம் அழியவில்லை. செஷயரில் நொத்விச்சிற் பிறந்து 1873இல் இங்கு வந்த றொபேட் ஹவாட் 1878இல் மியூல் நூற்பாளர் சங்கத்தின் செயலாளரானார். பின்னர் மாநிலச் செனற் சபையிலும் அமர்ந்தார். பொறுமையும் சேமிப்பும் ஒழுங்குமே அவரது போர்க்கருவிகள். ஆனால் அச்சங்கத்தின் கதவு அகலமானதன்று. மியூல் நூற்பு ஆண்களின் தொழில், சங்கமும் அவர்களுடையதே. 1879இல் நூற்பாளர் நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்தில், அவர்களிடத்திற்குக் கொண்டுவரப்பட்ட கனேடியப் பிரெஞ்சுக்காரர் கருங்காலிகளாகவே நோக்கப்பட்டனர். 1881இல் மாநிலத் தொழிற் புள்ளிவிபரப் பணியகத்தின் அறிக்கையொன்று அப்பிரெஞ்சுக்காரரைச் சீனக் குடியேறிகளோடு ஒப்பிட்டு இழித்துரைத்தது. அவமதிக்கப்பட்ட அம்மக்களும் உழைப்பாளரே என்ற உண்மை அவ்வறிக்கையில் மட்டுமன்றிச் சங்கக் கூட்டங்களிலும் பெரிதும் மறக்கப்பட்டது.

நேற்றைய குடியேறி இன்றைய குடியேறியைப் பகைத்து நின்ற வேளையில், ஆலை முதலாளி வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். வளைய நூற்பு இயந்திரம் அமெரிக்காவிலே 1828 முதல் அறியப்பட்டது. அதனை இயக்க நீண்ட பயிற்சியோ உடல் வலிமையோ வேண்டியதில்லை. பெண்களும் சிறுவரும் குறைந்த கூலிக்கு இயக்குவர். மியூல் அகற்றப்படுந்தோறும் ஒரு நூற்பாளனின் கைத்திறன் விலையற்றுப் போயிற்று.

இதனைத் தோமஸ் ஓ’டொனல் என்னும் மியூல் நூற்பாளர் அமெரிக்கச் செனற் குழுவின் முன் 1883 ஒக்ரோபரில் அளித்த சாட்சியம் தெளிவாகக் காட்டுகின்றது. லங்காஷயரின் றாம்ஸ்பொற்றத்திற் பிறந்த அவருக்கு அப்போது வயது 30. அமெரிக்காவில் வாழ்ந்தது 11 ஆண்டு. வேலை கிடைக்கும் நாளில் அவரது கூலி ஒன்றரை டொலர். ஆனால் அவ்வேலை நிலையாகக் கிடைக்கவில்லை. முந்திய ஓராண்டு முழுவதிலும் அவர் ஈட்டியது ஏறத்தாழ 133 டொலரே. உதவிக்கு ஆண்பிள்ளைகளைக் கொண்டுவரக்கூடிய தந்தையருக்கே ஆலையில் முதலிடம் எனவும், மியூலை அகற்றி வளைய இயந்திரத்தை வைப்பதால் ஆண்கள் வெளியேற்றப்படுகின்றனர் எனவும் அவர் கூறினார். கரையில் ஒதுங்கிய விறகும் கடலோரத்தில் தோண்டிய மட்டியும் குடும்பத்தைத் தாங்கின. ஓராண்டின் முன் மூத்த மகனை அடக்கஞ்செய்த செலவு இன்னும் அவரை அழுத்திக்கொண்டிருந்தது. மேற்கே சென்று நிலம் பெற்று வாழலாகாதா எனச் செனற்றர் வினவியபோது, இருபது டொலருக்கு மேற்பட்ட தாளைத் தாம் கண்டதேயில்லை என்றும், யாரேனும் 1,500 டொலர் தந்தாற் போவதாகவும் மறுமொழி கூறினார்.

வினவியவரும் விடையளித்தவரும் பேசியது ஒரே மொழி. எனினும் ஒருவருடைய அமெரிக்கா மற்றவருக்குத் தெரியாத நாடாக இருந்தது என்பதை இவ்வுரையாடல் உணர்த்துகின்றது.

6. முடிவுரை

1904 யூலையில் பன்னிரண்டரை வீதக் கூலிக்குறைப்பை எதிர்த்து ஏறத்தாழ 25,000 பேர் வேலையை நிறுத்தினர். ஆங்கிலேயர், ஐரிஷ்காரர், கனேடியப் பிரெஞ்சுக்காரர், போர்த்துக்கேயர் எனப் பலரும் அதில் நின்றனர். ஆறு மாதங்களின் பின், 1905 ஜனவரியில், ஆளுநர் டக்ளசின் தலையீட்டால் அது முடிவுற்றது. தொழிலாளர் குறைந்த கூலிக்கே திரும்பினர். எல்லோரும் சேர்ந்து நின்ற அவ்வேளையிலும், நின்றோருட் பெரும்பாலானோர் எந்தச் சங்கத்தின் உறுப்பினருமல்லர். முப்பது ஆண்டுகளாக மூடியிருந்த கதவுகளை ஒரு வேலைநிறுத்தத்தின்போது திறந்துவிடல் இயலாததாயிற்று.

லங்காஷயர்த் தொழிலாளர் கொண்டுவந்தவற்றுள் மொழி அவர்களைக் காக்கவில்லை, நிறமும் காக்கவில்லை. அவர்களைத் தாங்கியது ஒன்றுகூடும் பழக்கமே. பத்துமணிச் சட்டத்திற்கான கிளர்ச்சியிலும் 1875ஆம் ஆண்டின் எதிர்ப்பிலும் அப்பழக்கம் மசச்சூசெற்ஸ் தொழிலாளர் அனைவருக்கும் ஒரு செல்வமாக அமைந்தது. அதே பழக்கம் ஒரு திறனுக்கும் ஒரு பாலாருக்கும் ஒரு மொழியினருக்கும் உரிய வேலியாகச் சுருங்கியபோது, வேலிக்கு வெளியே நின்றோரைக் கொண்டே அது தகர்க்கப்பட்டது. 1875இன் தொடக்கத்தில், உறுப்புரிமையைப் பற்றி வினவாமற் கூட்டங்கூடி முடிவெடுத்த பெண் நெசவாளர் வேறொரு பாதையைக் காட்டியிருந்தனர். அப்பாதை ஏன் தொடரப்படவில்லை என்பதே ஃபோல் றிவர் வரலாறு தொழிலாளர் இயக்க ஆய்வாளரின் முன் வைக்கும் வினாவாகும்.