தந்தை பெயரும் தோட்டத்துப் பேரேடும்

றக்வான நகரைச் சூழ்ந்த கிராமங்களில் வாழும் சிங்களக் குடும்பங்கள் பல, ‘கே’ என்று முடியும் வீட்டுப்பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வருகின்றன. மேற்பார்வை உத்தியோகம் வகித்த முன்னோரின் பதவியே வம்சத்துக்கு நாமமாக நிலைத்ததற்குக் ‘கங்காணம்கே’ என்னும் பெயர் உதாரணம். ஆனால் அதே மலைச்சரிவுகளில் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலை றப்பருக்காகவும் வந்து குடியேறிய தமிழரிடையே, பெரிய கங்காணியின் அதிகாரம் தலைமுறைகளை ஆட்டிப்படைத்திருந்தும், அப்பதவி பொதுவாகக் குடும்பப்பெயராக வேரூன்றவில்லை.

எம்மவரின் வழக்கில் தந்தையின் பெயரே பிள்ளைக்கு முன்பெயராக நிற்கும். அப்பிள்ளை தானும் தந்தையானதும், அவன் பிள்ளைக்கு அது நீங்கி, அவன் பெயர் அவ்விடத்தை அடையும். பாட்டனின் பெயரை மூத்த பேரனுக்கு இடும் சம்பிரதாயமும் சேரவே, கருப்பையாவின் மகன் பெருமாள், பெருமாளின் மகன் கருப்பையா என இரு நாமங்களே ஒரு லயத்துக் காம்பராவில் மாறி மாறி வருவதுண்டு. இதை நான் குறையாகக் கருதவில்லை. மூதாதையரை மறவாதிருக்க நம் முன்னோர் கண்ட உபாயம் அது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் அதற்கு மேல் அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

தோட்டமோ அத்தாட்சியின் மேலேயே நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்து வந்த தொழிலாளி, இலக்கம் பொறித்த தகரத்துண்டைக் கயிற்றில் கோத்து அணிந்து வந்தான். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போகக் கடன்தொகை குறித்த ‘துண்டு’ வேண்டியிருந்தது. 1921இலேதான் அது சட்டத்தால் ஒழிந்தது. ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில் கூப்பிடப்படும், செக்ரோல் என்னும் தோட்டத்துப் பேரேட்டிலுள்ள பெயரோ, எழுதியவரின் செவிக்கு எட்டியவாறு எழுதப்பட்ட பெயர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிலேயே பிறந்தவனிடமும், தந்தை இங்கே பிறந்தமைக்கோ, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமைக்கோ ஆதாரம் கேட்டது. ஒரு தலைமுறைக்கு மேல் தந்தைபெயரைச் சுமக்காத சமூகத்திடம், பூட்டன் வரைக்கும் வம்சாவளியைக் கடதாசியிற் காட்டென்று கேட்டது எத்துணைக் கொடிய அநீதி! 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. நாடற்றவராய் எஞ்சியோரை 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பங்கிட்டது. மீந்த 1,50,000 பேரை 1974இன் உடன்பாடு சரிபாதியாக்கிற்று.

நாடற்ற நிலையை நீக்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. ஆயினும் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரும், அடையாள அட்டையில் ஒரு பெயரும், செக்ரோலில் வேறொரு பெயருமாக வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவள், வயோதிபத்தில் ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும்போது, அம்மூவரும் தானே என்று சத்தியக் கடதாசி முடிக்கவேண்டியிருக்கிறது.