மின்சாரம் மீண்டபின் மாஸ்டர் யார்? ஸ்விட்ச் அடுக்குகளில் தலைமைத் தேர்வின் வளர்ச்சி

மின்சாரம் போய் வந்ததும் ஒரு ஸ்விட்ச் அடுக்கு முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி, தனக்குள் யார் மாஸ்டர் என்பது. 2003இல் சிஸ்கோ கொண்டுவந்த கேட்டலிஸ்ட் 3750 வரிசையில் ஒன்பது ஸ்விட்சுகள் வரை பின்புறக் கேபிளால் வளையமாக இணைந்து, ஒரே ஐபி முகவரியோடு ஒரே கருவியாக இயங்கின. அவற்றில் ஒன்று மட்டுமே முழு அடுக்கையும் நிர்வகிக்கும். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விதிகளுக்கு நீண்ட முன்கதை உண்டு. எண்களை ஒப்பிட்டுத் தலைமையை முடிவுசெய்வதில் தொடங்கிய மரபு, பதவியில் இருப்பவரைக் கலைக்காமல் காப்பதை நோக்கி நகர்ந்தது. மின்வெட்டில் அந்தக் காப்பு அழிந்துபோகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வளையமாக இணைந்த கணினிகளில், செயல்படும் உரிமையைக் கைமாற்றும் டோக்கன் தொலைந்துபோனால் புதிய டோக்கனை யார் உருவாக்குவது என்ற சிக்கலை 1977இல் ஜெரார் லெ லான் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் தன் எண்ணை வளையத்தில் சுற்றவிட்டு, எல்லா எண்களையும் ஒப்பிட்டு ஒருவரை முடிவுசெய்வது அவர் காட்டிய வழி. 1979இல் சாங்கும் ராபர்ட்ஸும் அதைச் சிக்கனமாக்கினர்: தன் எண்ணைவிடச் சிறிய எண் வந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடலாம். 1982இல் கார்சியா-மொலினா, கணினிகள் செயலிழக்கும் சூழலுக்கும் தேர்தல் முறையை விரித்தார்.

1985இல் ரேடியா பெர்ல்மன் டிஇசி நிறுவனத்தில் உருவாக்கிய, வலையமைப்பில் சுழற்சிகளைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை, இந்தச் சிந்தனையை அலுவலக வலையமைப்புக்குள் கொண்டுவந்தது. அங்கே சிறிய எண்ணே வெல்லும். முன்னுரிமை எண் முன்னால், மேக் முகவரி பின்னால். நிர்வாகி எதையும் மாற்றாவிட்டால் எல்லாவற்றிலும் முன்னுரிமை 32768தான். ஆகவே மேக் முகவரியே முடிவுசெய்யும். ஒரு நிறுவனம் முகவரிகளைப் பெரும்பாலும் ஏறுமுகமாகவே ஒதுக்குவதால், இருப்பதிலேயே பழைய பெட்டி தலைமைக்கு வந்துவிடுவது வழக்கம். இன்னொரு குறையும் இருந்தது. சிறிய எண்ணுடன் ஒரு கருவி புதிதாகச் சேர்ந்தால் தலைமை உடனே அதனிடம் போய்விடும். தொடக்ககால விதிப்படி, புதிதாகத் திறக்க வேண்டிய போர்ட் 30 விநாடிகள் காத்திருக்கும்.

ரவுட்டர்களின் வழித்தேர்வு நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப் இதற்கு மாற்று காட்டியது. அதில் ஒருமுறை தலைமை ரவுட்டர் தேர்வாகிவிட்டால், கூடுதல் முன்னுரிமையோடு யார் வந்தாலும் பதவி மாறாது. 3750 அடுக்கின் தொழில்நுட்பமான ஸ்டாக்வைஸின் விதிகளில் முதல் வரியில் நிற்பதும் இதே கொள்கைதான்: இப்போது மாஸ்டராக இருப்பதே மாஸ்டர். அதற்கடுத்து 1 முதல் 15 வரையிலான முன்னுரிமை எண். வழக்கமாக அது 1. பிறகு, உள்ளமைவு எதுவும் எழுதப்படாத வெற்றுப் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளும் விதி. அதன்பின் மென்பொருளின் தரம். எல்லாம் சமமானால் கடைசியில் குறைந்த மேக் முகவரி வெல்லும்.

மொத்த அடுக்கும் அணைந்து எழும்போது "இப்போது மாஸ்டராக இருப்பது" என்று எதுவுமே இல்லை. அப்போது காலம் தேர்தலுக்குள் நுழைகிறது. 3750இல் 20 விநாடிக்குள் மின்சாரம் பெற்ற ஸ்விட்சுகள் மட்டுமே முதல் தேர்தலில் பங்கேற்கும். பிந்தியவை, முன்னுரிமை 15 ஆக இருந்தாலும், வெறும் உறுப்பினர்கள்தான். மேல் ஸ்விட்ச் யுபிஎஸ்ஸிலும் கீழ் ஸ்விட்ச் நேரடி மின்சாரத்திலும் இருக்கும் ரேக்கில், முன்பக்க மாஸ்டர் விளக்கு எதிர்பாராத பெட்டியில் பச்சையாக எரிவதற்கு இதுவே காரணமாகலாம். மாஸ்டர் மாறினால் அடுக்கின் மேக் முகவரியும் மாறக்கூடும். அதை நம்பியிருக்கும் ஸ்பானிங் ட்ரீயும் அண்டைக் கருவிகளும் குலுங்கும். 2013இல் வந்த 3850 வரிசையில் தேர்தலுக்கான அவகாசம் 120 விநாடியாக உயர்ந்தது. மாஸ்டருக்குப் பக்கத்தில் எப்போதும் தயாராக நிற்கும் ஒரு துணையும் வந்தது.

ஜூனிப்பர் 2008இல் ஈஎக்ஸ் 4200 வரிசையுடன் வேறு பாதையில் போனது. அங்கே 0 முதல் 255 வரையிலான முன்னுரிமை எண்ணே முதல் அளவுகோல். அது சமமானால், கடந்த முறை மாஸ்டராக இருந்தது எது என்று பார்க்கப்படும். முதன்மைக்கும் துணைக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கும்படி அந்நிறுவனம் பரிந்துரைப்பதன் பயன் இங்கே விளங்கும்: மின்வெட்டைத் தாண்டியும் பழைய பதவி நினைவில் நிற்கிறது. நான் ஆராய்ந்த விதிகளில் மின்வெட்டுக்கு மிகப் பொருத்தமான விடை இதுவே என்பது என் முடிவு. ஹெச்பியின் ஐஆர்எஃப் முறையோ, தொடங்கிய நேரத்தில் 10 நிமிடம் வரையிலான வேறுபாட்டைச் சமமாகவே கொள்கிறது. ஓரிரு நிமிடம் பிந்தி எழுந்த பெட்டி அதனால் மட்டும் தோற்காது.

சிஸ்கோ அடுக்குகளில் நடைமுறை ஆபத்து ஒன்று இன்றும் இருக்கிறது. முன்னுரிமை எண் ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. பழுதான ஒன்றுக்குப் பதிலாக, வேறோர் இடத்தில் மாஸ்டராக இருந்த, முன்னுரிமை 15 கொண்ட பெட்டியை மாட்டி அடுக்கை முழுவதும் அணைத்து எழுப்பினால், அதுவே தலைமையேற்றுத் தன் பழைய உள்ளமைவை எல்லோர் மீதும் சுமத்தக்கூடும். வெற்றுப் பெட்டியைத் தடுக்கும் விதி இதைத் தடுக்காது. முன்னுரிமை அதற்கு முந்தைய படி. ஆகவே மாற்றுப் பெட்டியைக் கேபிளில் செருகுமுன் தனியே இயக்கி, பழைய உள்ளமைவை அழித்து, முன்னுரிமையை 1 ஆக்கிவிட்டு, அணைத்த நிலையில் அடுக்கில் சேர்த்துவிடுங்கள்.