உருப்பெருக்கியும் மூன்று தளங்களும்

நிழற்படக் கலையின் தொடக்க நாளில் படத்தைப் பெருக்கும் வழக்கம் இல்லை. கண்ணாடி நெகடிவின்மேல் தாளைப் பொருத்தி வெயிலில் வைத்து, அதே அளவில் படி எடுத்தனர். பெரிய படம் வேண்டுவோர்க்குப் பெரிய காமிராவே வேண்டியிருந்தது.

1857-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஓவியர் டேவிட் உட்வார்ட், கதிரவன் ஒளியால் படத்தைப் பெருக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கதிரவன் நகர்வதற்கேற்ப அதனைத் திருப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். மங்கலாக வந்த படத்தின்மேல் ஓவியர் வண்ணம் தீட்டிக் குறை மறைத்தனர். பின்னர், ஒளியை விரைந்து ஏற்கும் புரோமைடு தாள் வந்தது, விளக்கொளியே போதுமானதாயிற்று. கருவி இருட்டறைக்குள் புகுந்தது.

அண்ணாந்து பிடித்த கோபுரப் படம் மேலே குறுகித் தோன்றும். அத்தகைய குறையை உருப்பெருக்கியிலேயே நிமிர்த்தும் வழியை 1901-இல் பாரிஸ் நகரப் பொறியாளர் ஜூல் கார்ப்பாந்தியே தம் காப்புரிமையில் விளக்கினார். நெகடிவ், லென்ஸ், தாள் ஆகிய மூன்றின் தளங்களும் சாய்ந்திருப்பின், அவை நீட்சியில் ஒரே கோட்டில் சந்தித்தால்தான் படம் முழுதும் தெளியும் என்பது விதி. ஆஸ்திரியப் படைத்தலைவர் தியோடோர் ஷைம்ப்ப்ளுக் 1904-இல் இதனை வான்வழி நிலப்படத்திற்குப் பயன்படுத்தினார்; விதி அவர் பெயராலேயே வழங்குகிறது. சாய்வு வேண்டாதபோது மூன்று தளங்களும் இணையாக நிற்றல் வேண்டும்.

1925-இல் லைகா காமிரா விற்பனைக்கு வந்தபின் இவ்விதியின் அருமை நன்கு விளங்கிற்று. அதன் நெகடிவ் 24-க்கு 36 மில்லிமீட்டரே. அதனைப் பன்னிரண்டு அங்குல நீளப் படமாக்க எட்டு மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். உருவத்தோடு பிழையும் பெருகுமன்றோ?

ஆதலின் இருட்டறை வல்லார் ரசமட்டத்தைக் கைவிடார். அடிப்பலகை, நெகடிவ் தட்டு, லென்ஸ் பலகை ஆகிய மூன்றிலும் அதனை வைத்துப் பார்ப்பர். மேசை சாய்ந்திருப்பினும் பாதகமில்லை. மூன்றின் சாய்வும் ஒன்றாயிருத்தல் வேண்டும். லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்து, பூதக்கண்ணாடியின் துணையால் நெகடிவின் வெள்ளித் துகள்கள் தெளியும்வரை திருகுவர். நடுவோடு நிறுத்தாது நான்கு மூலைகளையும் நோக்குவர். விளக்கின் வெம்மையால் பிலிம் வளையுமாதலால், சற்றுப் பொறுத்து மீண்டும் சரிபார்ப்பர். அதன் பின்னரே துவாரத்தை இரண்டு படி குறைத்துத் தாளை வைப்பர். துவாரத்தைக் குறைப்பது சிறு பிழையை மறைக்கும், கோணலை நேராக்காது.

உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்னும் பெயரில் பிலிமும் தாளும் அளித்தது. இன்று அவ்வாலை இயங்கவில்லை. எனினும், ஊர்விட்டு வந்த நம் முன்னோர் கொணர்ந்த நெகடிவ்கள் டிரங்குப் பெட்டிகளில் இன்னும் உள்ளன. அவற்றை எறியாது, தொழில் அறிந்தவரிடம் கொடுத்துப் படியெடுப்போம். வாங்கும்போது நடுவில் அமர்ந்தவரை மட்டும் பாராது, ஓரத்தில் நிற்பவர் முகமும் தெளிந்துளதா என நோக்குவோம். அவரும் நம் குடும்பத்தவரே.