குழந்தையின் தலையும் பீர் ஆலையும்

கைக்குழந்தையின் தலையில் வெள்ளைச் செதில் உதிர்ந்தால் அழுக்கென்று கருதி, சோப்புப் போட்டு அரக்கித் தேய்ப்பவர்கள் அனந்தபுரத்திலும் உண்டு, சென்னையிலும் உண்டு. அது அழுக்கன்று, தோலின் மேற்புறத்தில் உதிரும் உயிரணுக்கள்.

சோப்பு அங்கே ஏன் ஆகாது? விடையின் தொடக்கம் டென்மார்க்கின் பீர் ஆலை ஒன்றில் இருக்கிறது! கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன், 1909-இல் அமில, காரத் தன்மைகளை அளக்க பி.எச். என்னும் அளவுகோலை வகுத்தார். 7 நடுநிலை, ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். 1928-இல் ஜெர்மனியின் ஷாடே, மார்க்கியோனினி இருவரும் தோலை மூடியுள்ள அமிலப் போர்வையைப் பற்றி எழுதினர். தோலின் பி.எச். ஏறக்குறைய 5, சாதாரணச் சோப்பு நீரினுடையது 9-க்கு மேல். பதினாயிரம் மடங்கு வேறுபாடு! சோப்பு அப்போர்வையைக் குலைத்து எண்ணெய்ப் பசையையும் நீக்கிவிட, தோல் மேலும் காய்கிறது.

பாட்டிமாரின் சீயக்காய் அமிலத்தன்மை உடையதுதான். ஆனால் அதன் தூள் குழந்தையின் கண்ணை எரிக்கும். சிறிது தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்பூவால் எண்ணெய் போக அலசி, இளகிய செதிலை மட்டும் மிருதுவான பிரஷ்ஷால் எடுத்தால் போதும். நகத்தால் பெயர்க்கலாகாது. தோல் சிவந்து நீர் கசிந்தாலோ, முடி திட்டுத் திட்டாகக் கொட்டினாலோ படர்தாமரையாகவும் இருக்கலாம். அப்போது மருத்துவரிடம் காட்டவேண்டும்.